கிராண்ட் விட்டாராவா, ஹைரைடரா? இரண்டு மாதமாகக் குழம்புகிறேன்

கொடுமுடிக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். பதிமூன்று வருடமாக ஒரே சின்ன ஹேட்ச்பேக்தான் ஓட்டுகிறேன். இப்போது வீட்டில் எல்லோரும் பெரிய வண்டி எடு என்கிறார்கள். சுற்றிச் சுற்றிக் கடைசியில் மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா அர்பன் குரூஸர் ஹைரைடர் என்று இரண்டில் வந்து நிற்கிறேன். அதற்கு மேல் நகர முடியவில்லை.

நாங்கள் ஐந்து பேர்: நான், மனைவி, அப்பா, அம்மா, மூன்றாவது படிக்கும் மகள். இருப்பது கொடுமுடி, வேலை ஈரோட்டில். காரில் மாதம் இரண்டு மூன்று முறை ஈரோடு, வருடத்துக்கு மூன்று முறை தங்கை வீட்டுக்குச் சென்னை, நடுவில் பழனி, குலதெய்வம் கோயில். மனைவியும் ஓட்டுவாள், அதனால் கியர் போடும் வேலை இல்லாத வண்டிதான் வேண்டும். இரண்டிலும் மைல்டு, ஸ்ட்ராங் என்று இரண்டு வகை ஹைபிரிட்டுக்கும் (பெட்ரோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் உள்ள வண்டி) கொட்டேஷன் வாங்கிவிட்டேன். எதை எடுக்கலாம்?

நாலுசக்கரம்

நண்பரே, முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் ஒப்பிடுவது இரண்டு வண்டியை அல்ல, ஒரே வண்டியின் இரண்டு முகத்தை. இரண்டும் பெங்களூரு பக்கத்தில் பிடதியில் உள்ள டொயோட்டா தொழிற்சாலையில்தான் தயாராகின்றன. அடித்தளம் சுசுகியுடையது, வீல்பேஸ் இரண்டிலும் 2600 மில்லிமீட்டர். விட்டாராவின் நீளம் 4345, ஹைரைடர் 4365. அந்த 20 மில்லிமீட்டரும் பம்பர் வித்தியாசம்தான், உள்ளே உட்காருகிறவருக்கு இடம் ஒன்றும் கூடிவிடாது.

எஞ்சினும் அப்படியே. சாதா பெட்ரோல் என்பது சுசுகியின் 1.5 லிட்டர், நாலு சிலிண்டர், 103 பிஎஸ். இதைத்தான் மைல்டு ஹைபிரிட் என்கிறார்கள், அதில் மோட்டார் எஞ்சினுக்குச் சின்ன உதவி மட்டும் செய்யும். ஸ்ட்ராங் ஹைபிரிட்டில் இருப்பது டொயோட்டாவின் 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர். இதில் மோட்டார் தனியாகவே வண்டியை நகர்த்தும், இரண்டும் சேர்ந்து 115 பிஎஸ் சொச்சம். சுசுகி ஷோரூமில் போய் டொயோட்டா எஞ்சின் வாங்கலாம், டொயோட்டா ஷோரூமில் போய் சுசுகி எஞ்சின் வாங்கலாம். மாருதி பலேனோவே டொயோட்டாவில் கிளான்ஸா என்று வந்த கதைதான் இதுவும்.

நல்லதில் மட்டுமல்ல, கெட்டதிலும் ஜோடி. 2023 ஜனவரியில் ஏர்பேக் கண்ட்ரோலரைச் சோதிக்க விட்டாராவைத் திரும்ப அழைத்தார்கள். அதே மாதம் ஹைரைடரையும் அழைத்தார்கள்.

அதனால் எந்தப் பெயர் என்பது அப்புறம். எந்த எஞ்சின் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

டீசல்தாத்தா

இரண்டும் வேண்டாம் தம்பி. ஹூண்டாய் கிரெட்டா டீசல் எடு. 250 என்எம் டார்க் (இழுவை). ஐந்து பேரோடு ஏசியும் போட்டு மலை ஏறும்போது அதன் அருமை தெரியும். இருங்காட்டுக்கோட்டையில், நம்ம ஊரில் தயாராகிற வண்டி வேறு.

கொடுமுடிக்காரன்

தாத்தா, கிரெட்டாவையும் ஓட்டிப் பார்த்தேன். நல்ல வண்டிதான். ஆனால் டீசல் ஆட்டோமேட்டிக் என் பட்ஜெட்டைத் தாண்டுகிறது. வருடத்துக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறவனுக்கு டீசல் எதற்கு என்று மனைவி கேட்டாள், பதில் இல்லை.

ரெண்டாங்கியர்

கோவையிலிருந்து எழுதுகிறேன். ஹைரைடர் ஸ்ட்ராங் ஹைபிரிட், வாங்கி இரண்டு வருடம் ஆகிறது, 31,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினேன், சத்தமே வரவில்லை. வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று நினைத்து மறுபடியும் அழுத்தி அணைத்துவிட்டேன். இப்படி மூன்று முறை. கடைசியில் டெலிவரி கொடுத்த பையன்தான், "மேடம், ரெடி என்று விளக்கு எரிந்தால் போதும், கிளம்புங்கள்" என்றான். ஊருக்குள் மெதுவாகப் போகும்போது பாதி நேரம் எஞ்சின் அணைந்தே இருக்கிறது. காந்திபுரம் சிக்னலில் ஏசி ஓடும், எஞ்சின் ஓடாது. கம்பெனி சொல்கிற லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. ஆனால் கோவைக்குள் 21, 22 சாதாரணமாக வருகிறது. இந்த உயரமான பெட்ரோல் வண்டிக்கு அது பெரிய விஷயம்.

பைபாஸில் கதை வேறு. நூறுக்கு மேல் பிடித்தால் எஞ்சின் விடாமல் ஓடும், மைலேஜ் 19 பக்கம் இறங்கிவிடும். ஊருக்குள் அதிக மைலேஜ், பைபாஸில் குறைவு: இது நாம் பழகிய கணக்குக்கு நேர் தலைகீழ். ஓவர்டேக் செய்ய அழுத்தி மிதித்தால் மூன்று சிலிண்டர் கொஞ்சம் உறுமும். இசிவிடி என்பதால் கியர் மாறுகிற உணர்வே இருக்காது, சத்தம் முதலில் ஏறும், வேகம் பின்னால் வரும். என் கணவருக்கு அது பிடிக்கவே இல்லை. எனக்கு ஒரு வாரத்தில் பழகிவிட்டது.

மலைக்கு: பண்ணாரியிலிருந்து திம்பம் 27 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது குறை சொல்ல ஒன்றுமில்லை. இறங்கும்போது லீவரை B-க்கு (இறக்கத்தில் வேகத்தைப் பிடிக்கிற நிலை, பார்க்கிங் P இல்லை) இழுத்துவிடுவேன். முதலில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறிக்கொண்டே பிடித்து நிறுத்தும். ஆனால் அது முக்கால் யூனிட்தான் பிடிக்கிற குட்டி பேட்டரி, பாதி இறக்கத்திலேயே நிரம்பிவிடும். அதன் பிறகு எஞ்சின் உறுமிக்கொண்டே வேகத்தைப் பிடிக்கும். முதல் தடவை பயந்துபோய் ஓரம் கட்டினேன். பயப்பட ஒன்றுமில்லை, அது அப்படித்தான் வேலை செய்யும்.

இன்னொன்று, டிராஃபிக்கில் நிற்கும்போது நியூட்ரலில் போடாதீர்கள், அதில் பேட்டரி சார்ஜ் ஆகாது. டி-யிலேயே வைத்து பிரேக்கை மிதித்துக்கொண்டிருங்கள்.

கணக்குப்பிள்ளை

மேடம் அழகாகச் சொல்லிவிட்டார். நான் என் வேலையைப் பார்க்கிறேன்.

கொடுமுடி சார், ஆட்டோமேட்டிக் மைல்டு ஹைபிரிட்டுக்கும் ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்கும் ஆன்ரோடு வித்தியாசம் என்ன வருகிறது? மூன்று லட்சம் என்று வைத்துக்கொள்கிறேன். லிட்டருக்கு மைல்டில் 14, ஸ்ட்ராங்கில் 21 கிலோமீட்டர். பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

வருடம் 10,000 கிலோமீட்டர் என்றால் 714 லிட்டர், 476 லிட்டர். மிச்சம் 238 லிட்டர், அதாவது 24,000 ரூபாய். மூன்று லட்சம் திரும்பி வர பன்னிரண்டரை வருடம். நீங்கள் பெரும்பாலும் பைபாஸ் என்பதால் அதற்கும் மேலேயே ஆகும். இதுவே வருடம் 25,000 ஓட்டினால் அறுபதாயிரம் மிச்சமாகும், ஐந்து வருடத்தில் போட்டதை எடுத்துவிடலாம்.

ஒரு சந்தேகம். கொடுமுடியிலிருந்து ஈரோட்டில் வேலை என்றால் தினமும் எண்பது கிலோமீட்டர் வருமே? பத்தாயிரத்தில் எப்படி நிற்கிறது?

கொடுமுடிக்காரன்

வேலைக்கு ரயில் சார். காலையில் கரூரிலிருந்து வருகிற பாசஞ்சர். உட்கார்ந்து தூங்கிக்கொண்டே போகலாம். அதை விட்டுவிட்டு எவன் கார் ஓட்டுவான்?

கொட்டேஷனில் வித்தியாசம் மூன்று லட்சத்துப் பதினெட்டாயிரம். நீங்கள் சரியாகத்தான் வைத்திருக்கிறீர்கள்.

கணக்குப்பிள்ளை

அப்படியானால் ஸ்ட்ராங் ஹைபிரிட்டைப் பணத்துக்காக எடுக்காதீர்கள். அமைதியாக ஓடுகிறது, புதுசாக இருக்கிறது என்று ஆசைக்கு எடுத்தால் அது உங்கள் இஷ்டம். வரியிலும் முன்பு ஹைபிரிட்டுக்குச் சின்னச் சலுகை இருந்தது: இந்த அளவுப் பெட்ரோல் வண்டிக்கு செஸ் சேர்த்து 45 சதவீதம், ஹைபிரிட்டுக்கு 43. 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டுக்கும் ஒரே 40. வண்டி விலை குறைந்தது, ஆனால் ஹைபிரிட்டுக்கு இருந்த அந்த அனுகூலம் போய்விட்டது.

ஆறடி

பின் சீட்டில் யார் உட்காருவது? இரண்டு வண்டியிலும் பெரிய சன்ரூஃப் வருகிற வேரியண்ட்டில் பின்னால் என் தலை கூரையில் இடிக்கிறது. சீட் முதுகைச் சாய்த்தால்தான் சமாளிக்க முடிகிறது. நம்ம வெயிலுக்கு அந்தக் கண்ணாடிக் கூரை எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. வாங்கிய முதல் மாதம் குழந்தைகள் தலையை வெளியே நீட்டுவார்கள் (நீட்டவே கூடாது), அதன் பிறகு திரை போட்டு மூடிவிடுவோம்.

ரெண்டாங்கியர்

டிக்கியைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். ஸ்ட்ராங் ஹைபிரிட்டில் பேட்டரி பின்னால் இருப்பதால் டிக்கியின் தரை உயர்ந்துவிட்டது. மைல்டில் 373 லிட்டர், எங்கள் வண்டியில் 265. ஒரு பெரிய பெட்டி, ஒரு சின்னப் பெட்டி, அவ்வளவுதான். திருச்செந்தூர் போனபோது மாமியாரின் பையை மடியில் வைத்துக்கொண்டு போனோம். அதை இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.

கொடுமுடிக்காரன்

மேடம், இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும், நானும் கேட்டிருக்க வேண்டும்.

அப்பாவுக்குப் போன ஆடியில் பக்கவாதம் வந்தது. இப்போது பரவாயில்லை, வீட்டுக்குள் கம்பு ஊன்றி நடக்கிறார். வெளியே போனால் மடக்குகிற சக்கர நாற்காலி வேண்டும். பெரிய வண்டி எடுப்பதற்குப் பாதிக் காரணமே அதுதான். எங்கள் ஹேட்ச்பேக்கில் நாற்காலியை ஏற்றினால் பின் சீட்டில் ஒருவர் குறைய வேண்டியிருக்கிறது. அம்மா, "நான் வரவில்லை, நீங்கள் போய் வாருங்கள்" என்று வாசலிலேயே நின்றுவிடுகிறாள்.

ஷோரூமில் டிக்கியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. திரையில் மேலிருந்து தெரிகிற கேமராவையும் சீட்டுக்கு வருகிற காற்றையும் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தேன்.

ரெண்டாங்கியர்

அக்கா என்றே கூப்பிடுங்கள். ஒன்று செய்யுங்கள், நாற்காலியைக் கையோடு ஷோரூமுக்கு எடுத்துப் போங்கள், அப்பாவையும்தான். யார் என்ன நினைத்தாலும் பரவாயில்லை, அங்கேயே ஏற்றி இறக்கிப் பாருங்கள். இங்கே நாங்கள் சொல்கிற லிட்டர் கணக்கை நம்பி முடிவெடுக்காதீர்கள். லிட்டர் என்பது தண்ணீர் ஊற்றத்தான், நாற்காலிக்கு அகலமும் உயரமும்தான் கணக்கு.

சிஎன்ஜி பக்கமும் போகாதீர்கள், இரண்டு வண்டியிலும் சிலிண்டர் டிக்கியில்தான்.

திண்டுக்கல்பூட்டு

நான் சொல்வது ஒன்றுதான்: கண்ணை மூடிக்கொண்டு டொயோட்டா. அவர்கள் 3 வருடம், 1 லட்சம் கிலோமீட்டர் வாரண்டி தருகிறார்கள். மாருதியில் 2 வருடம், 40,000 கிலோமீட்டர்தான். ஒரே வண்டிக்கு எங்கே வாரண்டி அதிகமோ அங்கேதான் போக வேண்டும்.

நாலுசக்கரம்

அது பழைய கணக்கு. 2024 ஜூலையில் மாருதியும் 3 வருடம், 1 லட்சம் கிலோமீட்டர் என்று மாற்றிவிட்டது. ஹைபிரிட் பேட்டரிக்கு இரண்டு பேருமே 8 வருடம், 1.6 லட்சம் கிலோமீட்டர். வாரண்டியை வைத்து இப்போது ஒன்றும் பிரிக்க முடியாது.

பிரிக்க வேண்டுமென்றால் சர்வீஸை வைத்துப் பிரியுங்கள். ஊர் ஊருக்கு இருப்பது மாருதி. டொயோட்டாவுக்கு சர்வீஸ் சென்டர் எண்ணிக்கை குறைவு, ஆனால் அந்தப் பெயருக்கு ரீசேல் மார்க்கெட்டில் ஒரு மரியாதை உண்டு. பெரிய நகரத்தில் இருப்பவருக்கு இது பொருட்டே இல்லை. கொடுமுடி மாதிரி ஊரில் இருப்பவர் எங்கே போய் வண்டியை விட்டுவிட்டு எப்படித் திரும்பி வருவார் என்று யோசிக்க வேண்டும்.

பழைய_சாவி

ஹைபிரிட் எடுக்கிறவர்களுக்கு ஒரு அனுபவம். எந்த கம்பெனி வண்டி என்பது வேண்டாம், தவறு எங்களுடையதுதான். அண்ணன் வெளிநாடு போயிருந்தபோது வண்டி ஐந்து வாரம் ஷெட்டில் நின்றது. திரும்பி வந்து பார்த்தால் கதவே திறக்கவில்லை. பெரிய பேட்டரி இருக்கும்போது எப்படி என்று கேட்டால், கதவு, கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் எழுப்புவது அந்தப் பழைய 12 வோல்ட் பேட்டரிதானாம். அது இறங்கிவிட்டால் பெரியது முழுசாக இருந்தும் வண்டி ரெடி ஆகாது. சாவிக்குள் ஒளிந்திருந்த இரும்புச் சாவியை எடுத்துக் கதவைத் திறந்து, பக்கத்து வீட்டு வண்டியிலிருந்து கேபிள் போட்டோம். கொடுமுடி அண்ணன் ரயிலில் போகிறவர், வண்டி வாரக்கணக்கில் நிற்கும் என்பதால் சொன்னேன். வாரத்துக்கு ஒரு முறையாவது எடுத்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வாருங்கள்.

கொடுமுடிக்காரன்

இன்று போய்விட்டு வந்தேன். விவரமாகச் சொல்கிறேன்.

அக்கா சொன்னபடி நாற்காலியை எடுத்துப் போனேன். முதல் ஷோரூமில் (எது என்று கேட்காதீர்கள்) விற்பனைப் பையன் பார்த்த பார்வையே சரியில்லை. டிஸ்பிளே வண்டியில் கீறல் விழும் என்றான். ஒரு பழைய போர்வையை விரித்துக் காட்டினேன், மேனேஜரைக் கேட்க வேண்டும் என்று உள்ளே போனவன் இருபது நிமிடம் வரவில்லை. அப்பா, "வா போகலாம்" என்றார். வந்துவிட்டோம்.

அடுத்த இடத்தில் ஒரு பெண் இருந்தார். நாற்காலியைப் பார்த்ததும் அவரே டிக்கியைத் திறந்து, சாமானை மேலே மூடுகிற பார்சல் ட்ரேயைக் கழற்றி ஓரமாக வைத்தார். முதலில் ஸ்ட்ராங் ஹைபிரிட். நாற்காலியை மடக்கிப் படுக்க வைத்தோம். தரை மேடாக இருப்பதால் சக்கரம் தூக்கிக்கொண்டு கண்ணாடி உயரத்துக்கு வந்துவிட்டது, ட்ரேயைத் திரும்ப மாட்ட இடமில்லை. நிறுத்தி வைத்தால் கதவு மூடவில்லை. பின் சீட்டில் ஒரு பக்கத்தை மடக்கினால் தாராளமாகப் போகிறது, ஆனால் அப்போது மறுபடியும் அம்மா வாசலில்தான் நிற்க வேண்டும்.

அப்புறம் மைல்டு. கால் வைக்கிற இரண்டு தகடுகளையும் கழற்றி, நாற்காலியைக் கொஞ்சம் கோணலாகப் படுக்க வைத்தோம். ட்ரே மூடியது. மேலே இடமில்லை, ஆனால் பக்கத்தில் ஒரு துணிப்பையைச் செருகலாம். அந்தப் பெண் கழற்றிய தகடுகளை முன் சீட்டுக்கு அடியில் வைத்துப் பார்த்தார், அங்கேயும் போயிற்று. இதை நான் யோசிக்கவே இல்லை.

அப்பாவை முன் சீட்டில் உட்கார வைத்தோம். எங்கள் பழைய வண்டியில் குனிந்து விழுந்து உட்காருவார், எழுப்ப இரண்டு பேர் வேண்டும். இதில் இடுப்பு உயரத்திலேயே சீட் இருக்கிறது. முதுகைத் திருப்பி உட்கார்ந்து, வலது காலைத் தானே உள்ளே எடுத்துக்கொண்டார். இடது காலை மட்டும் நான் தூக்கி வைத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, டேஷ்போர்டை இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார். மாடு வாங்கும்போதும் அப்படித்தான் தட்டுவார்.

ஆக, ஸ்ட்ராங் ஹைபிரிட் இல்லை. 1.5 பெட்ரோல், ஆறு கியர் ஆட்டோமேட்டிக்.

டீசல்தாத்தா

அந்த எஞ்சினுக்கு ஐந்து பேரோடு மலையில் மூச்சு வாங்கும். நான் சொல்லிவிட்டேன்.

கொடுமுடிக்காரன்

வாங்கட்டும் தாத்தா. நாங்கள் மலைக்குப் போவது வருடத்துக்கு ஒரு தடவை. நின்று நின்று போகிறோம்.

கணக்குப்பிள்ளை

நல்ல முடிவு. இனி கொட்டேஷனைப் பார்ப்போம். ஹேண்ட்லிங் சார்ஜ் என்று ஏதாவது போட்டிருக்கிறார்களா? போட்டிருந்தால் அடிக்கச் சொல்லுங்கள், அதைக் கட்டியாக வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. இன்சூரன்ஸை அவர்களிடம்தான் எடுக்க வேண்டும் என்பதும் இல்லை. வெளியே நான்கு இடத்தில் விலை கேட்டு அந்தத் தாளைக் காட்டினால் அவர்களே இறங்கி வருவார்கள். பத்து லட்சத்துக்கு மேல் என்பதால் 1 சதவீதம் டிசிஎஸ் (விற்கும்போதே வசூலிக்கிற வருமான வரி) பிடிப்பார்கள். அது போகிற பணமில்லை, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். நிறையப் பேர் இதை மறந்தே போகிறார்கள்.

ரோடு டாக்ஸ் மட்டும் தப்ப முடியாது. 2023 நவம்பரிலிருந்து நம் மாநிலத்தில் 10 முதல் 20 லட்சம் வரையிலான வண்டிக்கு 18 சதவீதம். அதற்கு மேல் போனால் 20.

வண்டி தயாரான மாதத்தையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வருடக் கடைசியில் தள்ளுபடி என்று கொடுப்பது பல சமயம் யார்டில் வெயில் காய்ந்த வண்டியாக இருக்கும்.

திண்டுக்கல்பூட்டு

எல்லாம் சரி, எந்தப் பெயர்? அதைச் சொல்லவே இல்லையே!

கொடுமுடிக்காரன்

விட்டாரா. பெரிய காரணம் ஒன்றும் இல்லை. மாருதி சர்வீஸ் ரயில்வே ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது. காலையில் வண்டியை விட்டுவிட்டு வேலைக்குப் போய், சாயங்காலம் எடுத்துக்கொண்டு வரலாம். டொயோட்டாவுக்கு என்றால் ஒருநாள் லீவு போட வேண்டும். முன்பக்கம் எனக்கு ஹைரைடர்தான் பிடித்திருந்தது, இப்போதும் அப்படித்தான். ஓட்டும்போது முன்பக்கத்தை நானா பார்க்கப் போகிறேன்?

ஹேண்ட்லிங் சார்ஜ் ஒன்பதாயிரம் போட்டிருந்தார்கள். கேட்டேன், அடித்துவிட்டார்கள். கணக்குப்பிள்ளை சாருக்கு நன்றி. நாளை மறுநாள் நல்ல நாள், முன்பணம் கட்டுகிறேன். கலர் மட்டும் பாக்கி. மகள் நீலம் என்கிறாள், மனைவி கறுப்பு என்கிறாள்.

ஆறடி

கறுப்பு வேண்டாம். கொடுமுடித் தூசிக்கு தினமும் துடைக்க வேண்டும்.

ரெண்டாங்கியர்

வெள்ளை எடுங்கள் தம்பி, வெயிலுக்கு நல்லது. டிக்கிக்கு ஒரு ரப்பர் பாய் போட்டுக்கொள்ளுங்கள், நாற்காலி நழுவாது.

கொடுமுடிக்காரன்

அப்பாவைக் கேட்டேன் அக்கா. "நீலமே எடு, பாப்பா சொல்கிறாள்" என்றார். முடிந்தது. ரப்பர் பாய் ஈரோட்டில் எங்கே கிடைக்கும்?